மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மருத்துவம்

மாதவிடாய் அற்றுவிட்ட பெண்டிருக்கு 'இத்தா' மூன்று மாதம் எனத் திருக்குர்ஆனின் 'அத்தலாக்' அத்தியாயம் வரையறுக்கின்றது. மார்க்கம் வெளிப்படையாகப் பேசிய பருவத்தைப் பற்றி நாம் இல்லங்களில் பேச நாணுகின்றோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்தில் நாற்று நடும் தாய்மார்களும், உடலில் திடீரெனப் பரவும் வெப்பத்தையும் உறக்கமின்மையையும் வயதின் கோளாறு என்றே பொறுத்துக் கொள்கின்றனர்.

சூற்பைகளில் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதே காரணம். அதனை மருந்தாக அளித்தால் வெப்பம் தணியும். எலும்புத் தேய்வும் குறையும். எனினும் கருப்பை உள்ளவர்க்கு அதனைத் தனியே கொடுத்தலாகாது; உட்சுவரில் புற்று தோன்றக்கூடும். ஆதலின் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ப்பர். 1942-இல் விற்பனைக்கு வந்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது. மார்க்க ஐயமுடையோர், தாவரப் பொருளினின்று ஆக்கப்படும் எஸ்ட்ரடையாலைக் கேட்டுப் பெறலாம்.

அச்சம் பரவியது 2002-இல். அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. வெற்று மாத்திரை உண்டோரைவிடக் கூட்டு மருந்து உண்டோரில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு மார்பகப் புற்று 8, பக்கவாதம் 8 கூடின. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. அப்பெண்களின் சராசரி வயதோ 63! இதனைப் பலரும் கருதிலர். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குவோருள் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் நாட்டுப் பெண்டிர்க்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுதலின் இது நமக்கு இன்றியமையாத செய்தி.

மார்பகப் புற்று, இரத்த உறைவு, பக்கவாதம், கடும் கல்லீரல் நோய் கண்டவர்க்கு இம்மருத்துவம் பொருந்தாது. முற்றிலும் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் காணின், மருந்து உண்பவராயினும் அல்லராயினும், நாணத்தை விடுத்து உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.