கொண்டை வெளுத்த கோழியை விற்கும் முன்...

'மூன்று நாட்டுக்கோழிகளுக்குக் கொண்டை வெளுத்துக் கிடக்கிறது. இரண்டு மாதமாக முட்டையும் இல்லை. வயதாகிவிட்டதா, கறிக்கு விற்றுவிடலாமா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரியில் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா, அம்மா?

நான் பயிர் படித்தவன். கோழி பற்றிக் கற்றதெல்லாம் கால்நடை மருத்துவர்களிடமும், சொந்த நஷ்டத்திலும்தான். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் கொண்டை வெளுத்த நாலு கோழிகளை 'கிழடு தட்டிவிட்டது' என்று விற்றோம். ஐந்தாவதும் வெளுத்தபோதுதான் மருத்துவரைக் கூப்பிட்டோம். அவர் கோழியைத் தொடுவதற்கு முன் கூட்டின் பலகை இடுக்கைக் கத்தியால் நெம்பினார். மூட்டைப்பூச்சியைவிடப் பெரிதாக, சப்பையாக, கும்பல் கும்பலாக உண்ணி! ஒன்றை நசுக்கினால் ரத்தம். விற்ற நாலுக்கும் வயதாகியிருக்கவில்லை.

இந்த உண்ணி பகலில் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். ராத்திரியில் வந்து ரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும். அதனால் பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தாலும் தெரியாது. உண்ணிக் குஞ்சுகள் மட்டும் இறக்கைக்கு அடியில் சில நாள் ஒட்டியிருக்கும். தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், கூட்டைச் சும்மா காலியாகப் போட்டு வைத்தால் போதாது.

கொண்டை என்பது மெல்லிய தோலுக்கு அடியில் நெருக்கமாக ஓடும் ரத்தக்குழாய்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் காலத்தில் கொண்டை, தாடி வழியாகவும், வாயைத் திறந்து இரைத்தும்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ரத்தம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பதும் அந்தக் கொண்டைதான். குடற்புழு, ரத்தக்கழிச்சல் இருந்தாலும் வெளுக்கும்.

ஆனால் வெளுத்ததெல்லாம் நோயல்ல. முட்டையிடும் பெட்டைக்குக் கொண்டை சிவந்து, பெருத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அடையில் உட்கார்ந்தாலோ, இறகு உதிர்த்தாலோ சுருங்கி வெளிறிவிடும், முட்டையும் நிற்கும். பிறகு தானாகத் திரும்பும். லெகார்ன் பெட்டைக்குக் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது அதன் இயல்பு. அசிலுக்குப் பிறவியிலேயே சின்னக் கொண்டை. எனவே பக்கத்து வீட்டுக் கோழியோடு ஒப்பிடாதீர்கள். அதே கோழி போன மாதம் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

கொண்டையில் கொப்புளம் வந்து கறுத்த பொருக்கு கட்டினால் பெரும்பாலும் அம்மை. கொசு பரப்பும். பொருக்கை உரிக்காதீர்கள். சண்டையில் கொத்துப்பட்ட காயம் ஒரு கோழியோடு நின்றுவிடும்; அம்மை அடுத்தடுத்துப் பரவும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

நீலமோ கருஞ்சிவப்போ பாய்ந்தால் தாமதிக்கக் கூடாது. மூச்சுத்திணறலாக இருக்கலாம், கொடிய தொற்றாகவும் இருக்கலாம். கோழியைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். வரிசையாகச் செத்தால் விற்கவோ, சமைக்கவோ, வாய்க்காலில் வீசவோ வேண்டாம். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

வாசகி அம்மாவுக்கு: இன்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். உண்ணி இருந்தால் நாளையே கூட்டைக் காலிசெய்து, இடுக்குகளைச் சுரண்டி அடைத்து, சுண்ணாம்பு பூசுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளியுங்கள். பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கோழி மேல் அடிக்காதீர்கள். உண்ணி இல்லாவிட்டால் எச்சத்தைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று புழுவுக்குப் பரிசோதியுங்கள். அதுவரை வியாபாரி வந்தால், 'அடுத்த மாதம் வாங்க' என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.