மோட்டாருக்கு ஜுரம் வந்தால்

கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையத்தைக் கடந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறுவோர், பானெட்டைத் திறந்து வைத்து ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் மோட்டார் வண்டிகளைச் சாலையோரத்தில் காண்பது சகஜம். குழந்தைகள் வெயிலில் வாடி நிற்க, வண்டிக்குரியவர் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். வழியே போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்லிச் செல்வார். படித்தவர்களாகிய நாம் இவ்விஷயத்தில் பிறர் வாயைப் பார்த்து நிற்பது அழகன்று.

நோயை அறியுமுன் உடலின் இயல்பை அறிதல் வேண்டுமல்லவா? என்ஜினில் எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் சற்றேறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சுமந்து செல்லும் பொறுப்பு நீருடையது. பம்பினால் உந்தப்படும் நீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காற்றுப் பட்டு ஆறி, மீண்டும் என்ஜினை அடைகிறது. 1901-ம் வருஷத்து மெர்ஸிடிஸ் வண்டிக்காக வில்ஹெல்ம் மைபாக் என்ற ஜெர்மானியர் அமைத்த தேன்கூடு ரேடியேட்டரின் தத்துவமும் இதுவே. என்ஜினுக்கு ஏற்ற உஷ்ணம் சுமார் 90 டிகிரி செண்டிகிரேட். அதற்கு வெகுவாக மேற்பட்டால் அது ஜுரம்.

ஜுரம் கண்டவுடன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எப்பொழுது?" என்பதே.

நெரிசலில் நிற்கும்பொழுது உஷ்ணம் ஏறி, வேகமாக ஓடும்பொழுது தணிந்தால், குற்றம் விசிறியினுடையது. ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே விசிறியாகிறது; நிற்கும் வண்டிக்கு அந்த உதவி இல்லை. பழைய வண்டியானால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். புதிய வண்டியானால் மின்விசிறியின் பியூஸ் போயிருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் ஏ.ஸி.யைப் போட்டவுடன் விசிறி சுழல வேண்டும். சுழலாவிடில் காரணம் அகப்பட்டுவிட்டது.

இதற்கு மாறாக, வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் உஷ்ணம் ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்பு சரியாக நீரைத் தள்ளவில்லை என்று ஊகிக்கலாம். வெளியே பூச்சியும் சேறும் அடைக்கும். உள்ளே உப்பு படியும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். கிணற்று நீரையே ஊற்றி வந்தால் ரேடியேட்டருக்கும் அதே கதிதான். வாலை நீரும் உரிய கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே முறை.

புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே உஷ்ணம் ஏறினால், நீர் குறைந்திருக்கும், அல்லது நீருக்கு வழிவிடும் தெர்மாஸ்டாட் திறக்காமல் மூடிக் கிடக்கும். அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது தவறான வைத்தியம். போதிய சூடேறாத என்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், விரைவில் தேயும்.

தரையில் ஒரு துளியும் சொட்டாமல் நீர் மட்டும் குறைந்துகொண்டே வருமாயின், வியாதி கடுமையானது. சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாதிருத்தல், என்ஜின் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்தல் ஆகியவை ஹெட் காஸ்கெட் கெட்டதன் அடையாளங்கள். அவ்வண்டியை ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்வதே விவேகம்.

இனி முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலோ ஏறத்தாழ 93 டிகிரியே போதும். ஆனால் ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால், அங்குள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைய, நீர் அக்கணமே ஆவியாகிச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். ஆகையால் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்பொழுதே ஏ.ஸி.யை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட வேண்டும். அரை மணி நேரமேனும் பொறுத்து, மூடி கைக்குக் குளிர்ந்த பின்னரே திறக்கலாம். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கக்கூடும். "இன்னும் இரண்டு மைல்தானே!" என்று ஓட்டினாலோ ஸிலிண்டர் ஹெட் கோணிப்போய்ப் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

ஆவியையும் அழுத்தத்தையும் பரீட்சைக்காக உருப்போட்ட நாம், அவை நம் வண்டிக்குள்ளேயே வேலை செய்வதைத் திறந்து பார்ப்பதில்லை. கையில் எண்ணெய் படும் வேலை நமக்குரியதன்று என்ற எண்ணம் 1947-க்குப் பின்னும் நம்மை விட்டு அகலவில்லை. அடுத்த பிரயாணத்துக்கு முன், என்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில், வீட்டுச் சிறுவர் சிறுமியரை அழைத்து, நீர் எங்கே, விசிறி எங்கே, திறக்கக் கூடாத மூடி எது என்று காட்டுவோமாக.