‘பரதேசி’: தோட்டத்துக் கதையைத் திரைக்குக் கொண்டு வந்தவர்கள்

கங்காணி, துரை, லயம், முன்பணம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொற்களை விளக்க வேண்டியதில்லை. தாத்தாவும் பாட்டியும் பேசக் கேட்டு வளர்ந்த சொற்கள்தாம் இவை. 2013 மார்ச் 15-ஆம் தேதி திரைக்கு வந்த இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ படம் பார்த்த நம்மவர்களில் பலருக்கு, அது வேறு நாட்டுக் கதையாகத் தோன்றாததற்கு இந்தச் சொற்களும் ஒரு காரணம்.

படத்தில் வருவது ரப்பர் தோட்டம் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலைத் தோட்டம். கப்பல் பயணம் இல்லை. பல நாள் நடைப்பயணம். ஆனால், வறண்ட ஊரில் வந்து நின்று ஆசை காட்டும் கங்காணியும், கையில் திணிக்கப்படும் முன்பணமும், ஒரு நாளும் தீராத கடனும் இரண்டு கதைகளுக்கும் பொதுவானவை.

இந்தக் கதை ஒருவர் கற்பனையில் உதித்து நேராகத் திரைக்கு வந்துவிடவில்லை. தோட்டத்து மருத்துவர் ஒருவர் எழுத, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழுக்குக் கொண்டு வர, நாவலாசிரியர் ஒருவர் வசனம் தர, அதன் பிறகே நடிகர்கள் உயிர் கொடுத்தார்கள். இப்படிக் கை மாறி வந்த வழியில் ஒரு முக்கியமான பாத்திரம் அடையாளமே மாறிப்போனது. அதையும் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இந்தப் படத்தின் சிறப்பும் குறையும் சரியாகப் புரியும்.

மருத்துவர் எழுதிய நாவல்

படத்தின் மூலம், பால் ஹாரிஸ் டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த ‘ரெட் டீ’ என்ற நாவல். பி.எச்.டேனியல் என்று அறியப்பட்ட இவர், 1940-களில் வால்பாறையை ஒட்டிய ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தோட்ட ஊழியர்களின் தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறும் கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதிதான் நாவலின் மையம். பசியும் சாதிக் கொடுமையும் ஊரை விட்டுத் துரத்த, மேஸ்திரியின் இனிக்கும் பேச்சு அவர்களை மலைக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே காத்திருப்பது குளிர், அட்டைக்கடி, மலேரியா, அடி, உதை.

தப்பி ஓடலாமே என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அன்றைய சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1859-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் அது வெறும் கடன் பாக்கி அல்ல, தண்டனைக்குரிய குற்றம். கங்காணியின் பிரம்புக்குப் பின்னால் சட்டமும் நின்றது. 1920-களில்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

தமிழுக்கு வந்த பிறகே வீச்சு

தமிழர்களின் கதை ஆங்கிலத்தில் இருந்ததால், அந்தத் தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கே அது எட்டவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூரைச் சேர்ந்த எழுத்தாளர் இரா.முருகவேள் இதை ‘எரியும் பனிக்காடு’ என்ற தலைப்பில் மொழிபெயர்த்தார். ‘மிளிர் கல்’, ‘முகிலினி’ ஆகிய நாவல்களை எழுதியவரும் இவரே. விடியல் பதிப்பகம் வெளியிட்ட அந்தத் தமிழ்ப் பதிப்புதான் நாவலைப் பரவலாகப் பேச வைத்தது. மொழிபெயர்ப்பாளரின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக வருவதில்லை. ஆனால், இந்தச் சங்கிலியில் அவர் இல்லையென்றால் கதை பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

இயக்குநரும் வசனகர்த்தாவும்

பாலாவுக்கு நாவலைத் தொடுவது புதிதல்ல. ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலைத் தழுவி அவர் எடுத்த ‘நான் கடவுள்’ (2009), சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. ‘பரதேசி’யைத் தமது பி ஸ்டூடியோஸ் நிறுவனத்தின் வழியே அவரே தயாரித்தார்.

வசனம் எழுத அவர் நாடியது நாஞ்சில் நாடனை. குமரி மாவட்டத்துக்காரரான இவர் 2010-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றவர். இவருடைய ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவலும் தங்கர் பச்சான் இயக்கத்தில் ‘சொல்ல மறந்த கதை’யாகத் திரைக்கு வந்தது. ‘பரதேசி’யின் முதல் பாதியில் ஊர்க்காரர்கள் பேசும் கேலியும் கிண்டலும் ஏச்சும், எழுதிக் கொடுத்துப் பேசியது போலவே இல்லை. அந்தச் சிரிப்பு அத்தனை இயல்பாக இருப்பதால்தான், இரண்டாம் பாதியில் அதே வாய்கள் அடங்கிப் போகும்போது நெஞ்சு கனக்கிறது.

திரைக்காகக் கதை நிறைய மாறியது. கருப்பனும் வள்ளியும் ராசாவும் அங்கம்மாவும் ஆனார்கள். மேஸ்திரி கங்காணியானார். கதை நடக்கும் ஆண்டு 1939 ஆனது. நாவலில் கணவனும் மனைவியும் சேர்ந்தே மலையேறுகிறார்கள். படத்தில் ராசா மட்டும் போக, கருவுற்ற அங்கம்மா ஊரில் காத்திருக்கிறாள்.

நடித்தவர்கள்

ஊரில் தமுக்கடித்துச் செய்தி சொல்லி, வீடு வீடாகச் சோறு வாங்கித் தின்னும் வெள்ளந்தி ராசாவாக நடித்தவர் அதர்வா. மறைந்த நடிகர் முரளியின் மகன். 2010-இல் ‘பாணா காத்தாடி’யில் அறிமுகமான இளைஞர், இங்கே அலங்கோலமாக வெட்டிய முடியும் அழுக்கு உடையுமாக அடையாளம் தெரியாமல் மாறியிருந்தார். அவ்வாண்டுக்கான தென்னிந்திய ஃபிலிம்பேர் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது.

அங்கம்மாவாக வேதிகா. கணவன் ஓடிப்போனதால் மகளுடன் தோட்டத்தில் தனித்து நிற்கும் மரகதமாக தன்ஷிகா. 2016-இல் வந்த ‘கபாலி’யில் ரஜினியின் மகள் யோகியாக வந்து நம் நாட்டு ரசிகர்களுக்கு நெருக்கமான அதே தன்ஷிகாதான். மரகதம் அதிகம் பேசுவதில்லை. தோட்டத்தில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு இருக்கும் அச்சத்தைப் பார்வையாலேயே காட்டினார். துணை நடிகைக்கான ஃபிலிம்பேர் விருது அவரைத் தேடி வந்தது.

உடை, ஒளி, இசை

படத்துக்குக் கிடைத்த தேசிய விருது உடை வடிவமைப்புக்கானது. கோணியைப் போன்ற முரட்டுத் துணியை, வெயிலில் வெளுத்து மழையில் நைந்த தோற்றத்தில் உடுத்தக் கொடுத்த பூர்ணிமா ராமசாமி அதைப் பெற்றார். உடைக்கு விருது என்றால் பட்டும் நகையும்தான் நினைவுக்கு வரும். இங்கே கந்தலுக்குக் கிடைத்தது.

ஒளிப்பதிவாளர் செழியன், உலகத் திரைப்படங்கள் பற்றித் தமிழில் தொடர் எழுதியவர். பின்னர் ‘டு லெட்’ படத்தை இயக்கித் தேசிய விருது பெற்றவர். ஊரின் மண் நிறத்தையும் மலையின் குளிர்ந்த மங்கலான ஒளியையும் அவர் பிரித்துக் காட்டிய விதம், வசனமே இல்லாமல் கதை சொன்னது. இசை ஜி.வி.பிரகாஷ் குமார், பாடல்கள் வைரமுத்து. ஊரை விட்டுக் கூட்டம் நடக்கத் தொடங்கும் காட்சியின் பாடல் இன்றும் பேசப்படுகிறது.

அடையாளம் மாறிய மருத்துவர்

நாவலின் பிற்பகுதியில் ஆபிரகாம் என்ற மருத்துவர் வருகிறார். நோயில் மடியும் தொழிலாளர்களைக் காக்கப் போராடும் நல்ல மனிதர். நாவலாசிரியரின் சாயல் அவரிடம் உண்டு என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றும்.

படத்தில் அவருடைய இடத்தில் வருபவர் பரிசுத்தம் என்ற மருத்துவர். நடன இயக்குநர் சிவசங்கர் மாஸ்டர் நடித்த இந்தப் பாத்திரம், வைத்தியத்தை விட மதம் மாற்றுவதில் குறியாக இருப்பவராகவும், ஆடிப் பாடுபவராகவும் காட்டப்பட்டது. படம் வந்தபோது இலக்கிய வட்டாரத்தில் இது கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

இந்த விமர்சனம் நியாயமானதே. நாவலைத் தழுவும் இயக்குநர் பெயரை, ஊரை, முடிவை மாற்றலாம். அது அவருடைய உரிமை. ஆனால், இந்தக் கதை நமக்குக் கிடைத்ததே ஒரு மருத்துவர் தொழிலாளர்களின் துன்பத்தைக் கண்டு எழுதி வைத்ததால்தான். அவரை ஒத்த பாத்திரத்தையே கேலிப் பொருளாக்கியது கதைக்குப் பலம் சேர்க்கவில்லை. போராடும் மனிதர் ஒருவரும் இல்லாமல் போனதால், படம் அழ வைத்ததோடு நின்றுவிட்டது. நாவலோ, அந்த நிலை எப்படி மாறத் தொடங்கியது என்பதையும் காட்டுகிறது.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் காட்சிக்காகவே படத்தை மீண்டும் பார்க்கலாம். அரிசி, மருந்து என்று ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு, ஓராண்டு உழைத்தவர்கள் இன்னும் கடன்காரர்களாகவே நிற்கிறார்கள். தப்ப முயன்ற ராசாவின் கால் நரம்பு அறுக்கப்படுகிறது. கடைசியில் அங்கம்மாவும் குழந்தையும் அதே மலைக்கு அழைத்து வரப்படுகிறார்கள்.

நம் அலமாரியில் இருப்பவை

மலாயாவுக்கும் கங்காணி முறை வழியேதான் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1938-இல் அன்றைய இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது தொடர்ந்தது. அந்த வாழ்க்கையும் நாவல்களாக எழுதப்பட்டிருக்கிறது. கா.பெருமாளின் ‘துயரப் பாதை’, தமிழகத்தின் அகிலன் நம் ரப்பர் தோட்டங்களைக் களமாக்கி எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’, ஜப்பானியர் காலத்து ரயில் பாதைக் கொடுமையைச் சொல்லும் ஆர்.சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்று பட்டியல் நீளும்.

‘பரதேசி’யைப் பார்த்தவர்கள் ‘எரியும் பனிக்காடு’ நாவலையும் தேடிப் படிக்கலாம். படித்து முடித்ததும், வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் முன்பணத்தைப் பற்றியும் முதல் ஆண்டுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். டேனியலின் நாவலுக்கு விதையாக இருந்தவை அப்படிப்பட்ட அனுபவங்கள்தாம்.