ஆர்.சி.யில் யார் பெயர்?

பண்ருட்டிக்கு அருகே உள்ள ஒரு காலனியின் முனையில் வெள்ளை நிற பொலிரோ பிக்கப் ஒன்று நிற்கிறது. 7 ஆண்டு ஓடிய வண்டி. கதவில் கீறல், பின்பக்கத் தகரத்தில் பலாப்பழப் பால் ஒட்டிய கறை. அதன் உரிமையாளர் நம்மிடம் முதலில் வண்டியைக் காட்டவில்லை. டேஷ்போர்டைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஆர்.சி. அட்டையை எடுத்துக் கொடுத்தார். “பேரைப் படிங்கண்ணே” என்றார். அவருடைய பெயர்தான் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி அந்தப் பெயரையும் ஊரையும் இங்கே தவிர்க்கிறோம்.

சட்டத்தின் கண்ணில் இது அவர் வாங்கிய முதல் வண்டி. உண்மையில் இரண்டாவது.

முதல் வண்டிக்கு என்ன ஆனது?

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், லோடுமேனாகத் தொடங்கி ஓட்டுநரானார். ஊர்த்தெருவைச் சேர்ந்த ஒருவரின் குட்டியானையை நான்கு ஆண்டுகள் ஓட்டினார். பலா சீசனில் கோயம்பேட்டுக்கு லோடு, மற்ற நாட்களில் முந்திரி, செங்கல், சிமெண்ட். வண்டி பழசானதும் முதலாளியே பேச்சை எடுத்தார்: “நீதானடா ஓட்டுற, நீயே வச்சிக்க. மாசாமாசம் குடு. பேரு கீரு எல்லாம் மெதுவா மாத்திக்கலாம்.”

பேசிய விலை 3 லட்சத்து 20 ஆயிரம். மனைவியின் நகையை அடகு வைத்து 60 ஆயிரம் முன்பணம் கொடுத்தார். பிறகு மாதம் 9 ஆயிரம் வீதம் 22 மாதங்கள். எல்லாம் கையில் கொடுத்த ரொக்கம். ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்கவில்லை. “ரசீது கேட்டா, என்னையே நம்ப மாட்டியான்னு கோவிச்சுக்குவாரு. எங்கப்பா அவங்க கொல்லையில வேலை செஞ்சவரு. எப்படிக் கேக்கறது?”

அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று வண்டியில் மைக்செட்டை ஏற்றி, முன்னால் அம்பேத்கர் படத்தைக் கட்டி ஊர்வலத்தில் ஓட்டினார். மறுவாரம் முதலாளி ஆள் அனுப்பிச் சாவியைக் கேட்டார். காவல் நிலையம் போனபோது கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: “ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?” கொடுத்த 2 லட்சத்து 58 ஆயிரத்தில், ஊர்ப் பெரியவர்கள் பேசி வாங்கித் தந்தது 40 ஆயிரம்.

இதை ஒருவருடைய ஏமாளித்தனம் என்று தள்ளிவிட முடியாது. நம் மக்கள் காகிதத்தால் இழந்த கதை நீளமானது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வழங்க வழி பிறந்தது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. அப்படியும் நிலம் கை மாறியது. அங்கே காகிதத்தில் நம் பெயர் இருந்தும் நிலம் கையில் இல்லை. இங்கே வண்டி கையில் இருந்தும் காகிதத்தில் பெயர் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒன்றுதான்: உரிமையைக் கேட்டால் அது மரியாதைக் குறைவு என்று ஆக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது முறை

இந்த முறை அவர் ஊரில் வாங்கவில்லை. வேறு ஊரில் ஒரு வண்டியைப் பார்த்து, தெரிந்த மெக்கானிக் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போனார். அன்று நடந்ததை நமக்கு வரிசையாகச் சொன்னார்.

காலையிலேயே போய்விட்டார்கள். மெக்கானிக் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். டீசல் வண்டியின் கோளாறு குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளியே வரும். ஏற்கெனவே சூடாக இருந்தால், மறைக்க ஏதோ இருக்கலாம். இன்னொரு நாள் வருவதே நல்லது. ஸ்டார்ட் ஆனதும் புகை. நீலமாக வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கறுப்பாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்போ இன்ஜெக்டர் கோளாறோ இருக்கலாம். வெள்ளைப் புகை, இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால் பெரிய செலவு காத்திருக்கிறது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை தள்ளினால் உள்ளே ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். சேஸிஸில் வெல்டிங் தழும்பு, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், உடைந்த பட்டை ஸ்பிரிங், ஒருபக்கமாகத் தேய்ந்த டயர் எல்லாம் அதிக பாரம் ஏற்றியதையோ விபத்தையோ சொல்லும். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் இருப்பவைதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். கடைசியாக மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். கியர் நழுவவில்லை. விலை 3 லட்சத்து 85 ஆயிரத்தில் முடிந்தது.

காகிதம் கேட்பது எப்படி?

முன்பணம் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார். காப்பீடு, வரி, எஃப்.சி. எதுவரை இருக்கிறது, முந்தைய கடன் பதிவில் நிற்கிறதா என்பது அதில் தெரியும். போலீஸ் அபராத பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்திலும் பார்க்க வேண்டும். பழைய கடன் முடிந்திருந்தாலும் பதிவில் நின்றால், ஃபைனான்ஸின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; வாங்குபவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டையும் உடனே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

“மெதுவா மாத்திக்கலாம்” என்று இங்கேயும் சொல்லப்பட்டது. இந்த முறை அவரிடம் பதில் இருந்தது: “அண்ணே, நாளைக்கு நான் எங்கயாவது மோதிட்டா கோர்ட்டுல உங்களத்தான் கூப்பிடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” இது மிரட்டல் அல்ல, சட்டம். வண்டியை விற்றிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அன்றே கையெழுத்து கிடைத்தது.

பணம் எங்கே கிடைத்தது?

தனியார் ஃபைனான்ஸில் ஜாமீனுக்கு நிலப் பட்டா கேட்டார்கள். காலனியில் யாரிடம் இருக்கிறது? பட்டா உள்ள ஊர்க்காரரைக் கேட்டால், “வண்டி என் பேர்ல இருக்கட்டும்” என்று பழைய கதை திரும்பும். நகராட்சியில் நிரந்தரப் பணியாளரான அவருடைய அக்கா சம்பளச் சீட்டைக் கொடுத்து ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தொகை நிரப்பாத காசோலை கொடுக்க மறுத்து, தவணையை வங்கிக் கணக்கு வழியே கட்டுகிறார்.

தாட்கோ 1974 முதல் இருக்கிறது. அதன் முதலமைச்சர் தொழில்முனைவு திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 3 லட்சத்து 50 ஆயிரம் மானியமும், ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள்தான் பழைய வண்டிக்கும் தனியார் வட்டிக்கும் போகிறார்கள். அப்படிப் போகும் முன் மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வாங்கியவுடன் கையில் காசில்லாமல் நிற்கக் கூடாது என்று 40 ஆயிரத்தைத் தனியே வைத்திருந்தார். ஊர்ப்பெரியவர்கள் வாங்கித் தந்த அதே தொகை. கிளட்ச் மாற்றவும் இரண்டு டயருக்கும் அது கரைந்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. எஃப்.சி. மட்டும் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை. அதன் பிறகு ஆண்டுதோறும். இவருக்கு அடுத்த ஆண்டிலிருந்து அந்தச் செலவு வரும்.

வாங்கிய புதிதில் ஊர்த்தெரு லோடு குறைந்தது. “காலனி வண்டி” என்றார்கள். கோயம்பேட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. பழம் நசுங்காமல், நேரத்துக்கு வந்ததா என்றுதான் பார்த்தார்கள். இப்போது ஊர்த்தெருவிலிருந்தும் இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள்.

முதலாளி பெயரிலோ ஜாமீன் போட்டவர் பெயரிலோ வண்டி ஓட்டிக்கொண்டு, மாதாமாதம் பணம் கட்டுகிற தம்பிகள் நம் காலனிகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த தவணையையாவது வங்கி வழியாகக் கட்டட்டும். கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும்.

இவருக்கு 36 தவணையில் 11 முடிந்திருக்கிறது. ஆர்.சி.யில் அவர் பெயருக்குக் கீழே ஃபைனான்ஸின் பெயரும் இன்னும் இருக்கிறது. “அதையும் எடுத்துட்டாத்தாண்ணே முழுசா என்னது” என்று அட்டையை வாங்கி உறைக்குள் செருகினார். நெய்வேலிக்கு ஒரு லோடு காத்திருந்தது.