நின்றது எப்படி?

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. ஒஹாயோவில் குளிர் விட்டதும் புல் வளர்கிற வேகத்தைப் பார்த்தால், நம் ஊரில் ஐப்பசி மழைக்குப் பிறகான வரப்புதான் நினைவுக்கு வரும். ஒரு வாரம் விட்டால் கணுக்காலைத் தாண்டிவிடும். இன்னும் வளரவிட்டால் பல ஊர்களில் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும்.

பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்திருக்கும் தம்பி கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றார். வீட்டோடு முக்கால் ஏக்கர் புல்வெளி. அதற்காகப் பழைய ரைடிங் மோவர் ஒன்றை வாங்கியிருந்தார். குட்டி டிராக்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுவது. ஒற்றை சிலிண்டர், 17.5 குதிரைத்திறன், வயிற்றுக்கு அடியில் 42 அங்குல அகலத்துக்கு இரண்டு பிளேடு.

“ஸ்டார்ட் ஆகுது அண்ணா. ஓடுது. அப்புறம் நின்னு போகுது. புது கார்புரேட்டர் ஒண்ணு ஆர்டர் போட்டுடட்டுமா?”

“கை கழுவிட்டு வாங்க, டீ போடறேன். எப்படி நின்னுச்சுன்னு யோசிச்சு வைங்க.”

சாமானை மாற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எஞ்சின் ஒரே மாதிரி நிற்பதில்லை. சுவிட்சை அணைத்தது போல டக்கென்று நின்றால், மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். இருமி, ஏறி இறங்கி, உயிருக்கு இழுத்துக்கொண்டு நின்றால் பெட்ரோல் பக்கம். முக்கி முனகி அடங்கினால் சுமை தாங்கவில்லை என்று அர்த்தம்: பிளேடை மூடியிருக்கும் தட்டுக்கு அடியில் ஈரப்புல் களியாக அப்பியிருக்கும், அல்லது பிளேடு சுழலும் பேரிங் இறுகியிருக்கும். இந்த மூன்றாவது சங்கதி எளிது. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடியில் சுரண்டி எடுத்துவிடலாம். ஒயரைக் கழற்றாமல் மட்டும் பிளேடு பக்கம் கை போகக் கூடாது.

பெட்ரோல்தான் நிறையப் பேருக்கு வருகிற கோளாறு. இங்கே பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பெட்ரோலும் ஒரு மாதம் தாண்டினாலே தரம் இறங்கத் தொடங்கும். நவம்பரில் டேங்க் பெட்ரோலோடு கொட்டகையில் தள்ளிய வண்டியை ஏப்ரலில் எடுத்தால், கார்புரேட்டர் கிண்ணத்தில் பழுப்பாகப் பிசின் படிந்திருக்கும். அதற்குள் இருக்கும் ஜெட்டின் துளையோ ஊசிமுனை அளவுதான். அது பாதி அடைத்தாலே எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. எஞ்சின் இருமத் தொடங்கும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சோக் காற்றைக் குறைக்கும்; கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். உடனே எஞ்சின் நிமிர்ந்தால், பெரும்பாலும் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஃபில்டரையும் டியூபையும் கார்புரேட்டரையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மாறாக, சோக் இழுக்காமலே கரும்புகை கக்கினால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைத்த தலைமுறைக்கு இதெல்லாம் புதிதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு இந்தியாவில் புது பைக்குகள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. தம்பி கார்புரேட்டரைத் திறந்தே பார்த்ததில்லை. அந்தக் கைப்பழக்கம் ஒரு தலைமுறையோடு நின்றுபோவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பலரும் பார்க்காமல் விடுவது டேங்க் மூடி. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஊற்றி நின்றுவிடும் இல்லையா? இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் இறங்கும். மூடியில் உள்ள சின்னத் துளைக்கும் அதே வேலைதான். தூசி அடைத்துவிட்டால் இருபது நிமிடம் ஓடும், பிறகு இருமிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். நின்ற கையோடு மூடியைத் திருகினால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.

“இருபது நிமிஷம்தான் அண்ணா! என் வண்டியும் அதே கணக்குதான்.”

“இருமிச்சா?”

யோசித்தார். “இல்ல. டக்குன்னுதான் நின்னுச்சு.”

அப்படியானால் மின்சாரம். இந்த வகை எஞ்சின் பொறிக்குப் பேட்டரியை நம்பியிருப்பதில்லை. ஃப்ளைவீலில் ஒரு காந்தம் பதித்திருக்கும். அது சுற்றிவந்து பக்கத்தில் நிற்கும் காயிலைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி. காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும். அது வண்டியின் பாடியைத் தொட்டு எர்த் ஆனால் பொறி செத்துவிடும். சாவி அணைப்பதும் அந்த வழியில்தான், சீட்டுக்கு அடியிலுள்ள சுவிட்ச் அணைப்பதும் அந்த வழியில்தான். எங்கேயாவது அந்த ஒயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டாலும் அதே கதிதான்.

“சீட் சுவிட்சை ஒயரை வெட்டி ஒட்டி விட்டுடலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்.”

“செய்யாதீங்க தம்பி. உங்க வீட்ல குழந்தை இருக்கு.”

நீங்கள் சரிவில் தவறி விழுந்தால் பிளேடை நிறுத்த அந்தச் சுவிட்ச் ஒன்றுதான் இருக்கிறது. பின்பக்கம் வரும்போது பிளேடை அணைக்கும் சுவிட்சும் அப்படித்தான். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவரும் பிள்ளை பின்னால் நிற்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. 16 வயதுக்குக் கீழே யாரும் ரைடிங் மோவரை ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. சுவிட்ச் கெட்டிருந்தால் புதுச் சுவிட்ச் போடுங்கள். அதன் வேலையைப் பறிக்காதீர்கள்.

ஆனால் மேட்டில் ஏறி சீட் குலுங்கும்போது நின்றால்தான் சீட் சுவிட்ச் மேல் சந்தேகம் வரவேண்டும். இவர் வண்டி சமதரையில், சூடேறிய பிறகு நிற்கிறது. அரை மணி ஆறினால் ஓடுகிறது. காயிலுக்குள் இருக்கும் சுற்றில் சூட்டில் மட்டும் வாய் திறக்கிற விரிசல் இருந்தால் இப்படித்தான் ஆகும். ஆறியதும் விரிசல் மூடிக்கொள்ளும், குற்றமும் மறைந்துவிடும். அதனால் சோதனையை வண்டி நின்ற அடுத்த நிமிடம் செய்ய வேண்டும்.

டம்ளரை வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். ஓட்டினார், நின்றது. மூடியைத் திறந்தேன், உஸ்ஸில்லை. மூடியை மறுபடி இறுக்கினேன். பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிச் சுற்றவைத்தோம், பொறியில்லை. காயிலின் எர்த் ஒயரைப் பிரித்துவிட்டு மறுபடி பார்த்தோம். அப்போது பொறி வந்திருந்தால் குற்றம் ஒயரிலோ சுவிட்சிலோ இருக்கும். வரவில்லை. (அந்த ஒயரைப் பிரித்த நிலையில் எஞ்சினை ஓடவிடக் கூடாது, சாவியைத் திருப்பினாலும் நிற்காது.)

மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினால், உள்ளே எலிக்கூடு. காய்ந்த புல்லும் பஞ்சுமாகக் குளிர்காலம் முழுக்கக் கட்டியது. சிலிண்டரைக் குளிர்விக்கக் காற்று போகவேண்டிய இடைவெளியெல்லாம் அடைந்திருந்தது. காயில் பட்ட சூட்டுக்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது.

கூட்டை முழுக்க எடுத்தோம். புதுக் காயில் செவ்வாய்க்கிழமை வந்தது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். விசிட்டிங் கார்டு ஒன்று ஏறக்குறைய அந்தக் கனம்தான். தம்பி தன் ஆபீஸ் கார்டை எடுத்து நடுவில் செருகினார். காந்தம் காயிலைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டது. திருகுகளை இறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினார். கார்டு மறுபக்கம் வழுக்கி வந்தது.