மஞ்சள் தடவ மூலை விடுங்கள்

கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன் எங்கே தேடுவது என்று யார் கேட்டாலும், மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்துக்குள் தேடுங்கள் என்றுதான் சொல்லுவேன். காஞ்சிபுரம் பக்கம் ஐயங்கார்குளத்தில் அண்ணன் மகள் இதே கேள்வியோடு வந்து உட்கார்ந்தாள். அவள் தம்பிக்குத் தை மாதத்தில் கல்யாணம். பத்திரிகை வேலை அவள் தலையில். போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு சித்தப்பா. ஆனா எதைப் பார்த்தாலும் யார் வீட்டுக் கல்யாணம்னே தெரியலை."

"டீயைக் குடிம்மா. அது ஏன் அப்படி இருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கோ."

காரணம் தொழிலிலேயே இருக்கிறது. சிவகாசி போன்ற ஊர்களில் அட்டைகளை மொத்தமாக அச்சடிக்கிறார்கள். மேலே பிள்ளையார், ஓரத்தில் பூக்கொடி, தங்க ஃபாயில் எல்லாம் முன்பே பதிந்திருக்கும். உள்ளே மட்டும் வெற்றிடம். சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு இந்த வியாபாரத்துக்குப் பேர்போனது. கடைக்காரர் ஆல்பத்தை விரிப்பார், நாம் ஒரு நம்பரைச் சொல்லுவோம், பெயரும் முகூர்த்தமும் உள்ளூரில் ஏறும். சிக்கனமான ஏற்பாடு இது. பத்து நாளில் கல்யாணம் என்றால் வேறு வழியும் கிடையாது. ஆனால் அந்த ஆல்பத்துக்கும் போனில் வரும் டெம்ப்ளேட்டுகளுக்கும் ஊற்று ஒன்றுதான். ஒரு மயிலை ஆயிரம் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் அது யாருடைய மயிலும் இல்லை.

நாள் இருந்தால் டெம்ப்ளேட்டை மூடிவிட்டு, பத்திரிகை வீட்டில் என்ன பாடு படுகிறது என்று பார்க்க வேண்டும். அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும் சாமி முன்னால் வைக்கிறோம். மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவுகிறோம். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. பிறகு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போகிறது. இந்த வரிசையை மனதில் ஓட்டினாலே பாதி டிசைன் வந்துவிடும். மஞ்சள் விரல் படப்போகிற இடம் என்பதால் நான்கு மூலையையும் வெறுமையாக விட வேண்டும். பளபளவென்று லேமினேஷன் போட்ட அட்டையில் மஞ்சள் பிடிக்காது. வழுக்கி, அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாத, கொஞ்சம் சொரசொரப்பான தாளில் அது ஊறிப் பதிந்து நிற்கும். பெரியவர்கள் வைக்கிற அந்த நான்கு விரல் பதிவும் டிசைனில் சேர்ந்ததுதான். எந்த இயந்திரத்தாலும் அதை அடிக்க முடியாது.

"சரி சித்தப்பா, நடுவுல என்ன போடறது?"

ஐயங்கார்குளத்தில் பிறந்தவள் இதைக் கேட்கக் கூடாது. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியின் காலத்தில், காஞ்சி வரதராஜர் கோயில் காரியங்களை நடத்தியவர் லட்சுமிகுமார தாததேசிகர். இந்த ஊரின் பெரிய குளத்தையும், கரையில் சஞ்சீவிராயர் கோயிலையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லுவார்கள். பக்கத்திலேயே நடவாவிக் கிணறு. தோரணவாயிலைத் தாண்டிப் படியிறங்கினால் தரைக்கு அடியில் கல்மண்டபம், நடுவில் கிணறு, சுற்றிலும் சிற்பத் தூண்கள். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அன்றைக்குக் காஞ்சியிலிருந்து வரதர் வந்து, படியிறங்கி, அந்த மண்டபத்தில் எழுந்தருளுகிறார். தமிழ்நாட்டில் இப்படி ஓர் இடம் அபூர்வம். நம் பிள்ளைகளோ ராஜஸ்தான் மாளிகை வளைவை எடுத்துப் பத்திரிகையில் போடுகிறார்கள்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். கிணற்றைப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டினால் சுற்றுலாக் கையேடு மாதிரி ஆகிவிடும். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய்ப் படிமேல் உட்கார்ந்து வரைய வேண்டும். அழகாக வர வேண்டியதில்லை. வரையும்போது கண் தானே கழிக்கத் தொடங்கும். பாசி போகும், கல்லின் வெடிப்பு போகும், நிழல் போகும். கடைசியில் மிஞ்சுவது படிகளின் கிடைக்கோடுகளும் தூண்களின் செங்குத்துக் கோடுகளும் நடுவில் கிணற்றுவாயும். மிஞ்சுகிற அந்தக் கோடுகள்தான் டிசைன்.

படிகளிலிருந்து அட்டையின் அமைப்பையே எடுக்கலாம். நான்கு தாள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு விரல் குட்டை, அடியில் சேர்த்துப் பட்டு நூலால் ஒரு தையல். மூடி வைத்திருக்கும்போதே மேல் விளிம்புகள் படிப்படியாகத் தெரியும். உச்சிப் படியில் பிள்ளையார் சுழி, அடுத்ததில் பெயர்கள், அதற்கடுத்து நாளும் முகூர்த்தமும், கடைசியில் மண்டபம். படிக்கிறவர் கண் மேலிருந்து கீழே இறங்கும். நேர்வெட்டு மட்டும் போதும் என்பதால் வெட்டுவதற்கு டை செய்கிற செலவும் இல்லை. அச்சகத்தில் இருக்கும் கட்டிங் மெஷினே செய்துவிடும்.

"பெருமாள் படம் போடலாமா?"

கேட்டது நல்லது. என் தீர்ப்பு, வேண்டாம் என்பதே. கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். சாமி படம் இருந்தால் கிழிக்க மனம் வராது, வைக்க இடமும் இருக்காது. சுவாமி உருவத்தை விட்டுவிட்டு அவர் எழுந்தருளும் மண்டபத்தை வரைந்தால் பக்திக்கும் குறைவில்லை, காலில் மிதிபடுமோ என்ற சங்கடமும் இல்லை. பிள்ளையாருக்குச் சுழி ஒன்றே போதும். சீனர்கள் தங்கள் கல்யாணச் சிவப்பு அட்டையில் மகிழ்ச்சி என்ற எழுத்தை இரட்டையாகச் சேர்த்து எழுதி, அது ஒன்றையே நடுவில் வைத்து நிறுத்திவிடுவதுண்டு. நமக்குச் சுழி அப்படிப்பட்ட ஓர் எழுத்து. அதைப் பெரிதாக, தூரிகையால், வீட்டுப் பெரியவர் கையால் எழுதி வாங்குங்கள்.

இங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் காஞ்சிபுரம். வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபமே ஒரு கல்யாண மண்டபம்தான். தூண்களில் ரதியும் மன்மதனும் குதிரை வீரர்களும் யாளிகளும் இருக்கிறார்கள். கூரை மூலையில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. பெண் வீட்டுப் பெயர்களுக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களுக்கும் நடுவே ஒரு கோடு வேண்டுமே, அந்த இடத்துக்கு இந்தச் சங்கிலியைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. வெட்டி ஒட்டாமல் ஒரே கல்லிலிருந்து வந்த வளையங்கள் அவை.

அதைவிட வளமான சுரங்கம் தறியில் இருக்கிறது. எப்படியும் முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிறோம். புடவையை மடித்து வாங்கிக்கொண்டு வராமல், கரையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். பல புடவைகளில் அந்த இடத்தில்தான் கோபுரம் கோபுரமாகப் பற்கள் எழும்பி நிற்கும். பத்திரிகையின் ஓரத்துக்கு அதை அப்படியே எடுத்து வைக்கலாம். மயில்கண், ருத்திராட்சம், இருதலைப்பட்சி, மல்லிகை மொட்டு, தாழம்பூ என்று புட்டாவும் கரையும் பேரோடு இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டால் சந்தையாகிவிடும். மணப்பெண் கட்டப்போகும் புடவையில் எது இருக்கிறதோ அது ஒன்று போதும். மேடையில் அவளைப் பார்க்கிறவர்கள் கையிலிருக்கும் பத்திரிகையை நினைத்துக்கொள்வார்கள்.

நெசவுக்கு முன்னால் டிசைனைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் இழைக் கணக்கு. அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை விழும். தெரிந்த நெசவாளர் இருந்தால் பழைய கிராஃப் தாள் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கட்டம் கட்டமாக இருப்பதால் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் சுலபம். ஆனால் அது ஒருவருடைய உழைப்பு. கேட்டு, அனுமதி வாங்கி, முடிந்தால் ஒரு தொகையும் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நிறத்துக்கும் புடவைதான் பள்ளிக்கூடம். அரக்கும் மாம்பழ மஞ்சளும், மயில்கழுத்தும் கிளிப்பச்சையும் என்று நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு நிறத்தில் நிறுத்துவதில் பண லாபமும் உண்டு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிரேம் போட்டுத் தனியாக அடிக்க வேண்டும், அதனால் நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். ஆப்செட்டில் நான்கு வண்ணமும் சேர்ந்தே வந்துவிடும், ஆனால் அந்த நான்கைக் கலந்து தங்கம் வராது. பழுப்பு மஞ்சள்தான் வரும். தங்கம் வேண்டுமென்றால் தனி மையோ ஃபாயிலோ போட வேண்டும். அதைப் பெயர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

"எழுத்து?"

எழுத்தில்தான் நம் பத்திரிகைகள் அதிகமாகக் கெடுகின்றன. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலுக்கு வெட்டிய விதிகள் அங்கே இருக்கின்றன. பூவும் கொடியும் இல்லாமல், எழுத்தின் ஒழுங்கே அந்தச் சுவருக்கு அலங்காரமாக நிற்கிறது. பத்திரிகையிலோ கொசுவம் வைத்த எழுத்து ஒன்று, நிழல் விழுந்த எழுத்து ஒன்று, சாய்ந்த எழுத்து ஒன்று என்று நான்கைந்து வகையைக் கலந்துவிடுகிறோம். இரண்டு வகை போதும். பழைய ஈய எழுத்துப் பத்திரிகை பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தையது என்றால், தும்பிக்கை தூக்கிய லை, னை எல்லாம் இருக்கும். தாத்தா பாட்டி பத்திரிகையின் ஒரு வரியை அப்படியே ஸ்கேன் செய்து பேரன் பத்திரிகையில் ஓரமாக வைத்தால், எந்த ஃபாண்டும் தராத நெருக்கம் வரும். பெயர்களை மட்டும் புது எழுத்தில்தான் போட வேண்டும், பிள்ளைகளுக்குப் படிக்க வர வேண்டுமே.

அரக்கு அட்டையில் தங்க எழுத்து பார்க்கப் பிரமாதம். டியூப்லைட் வெளிச்சத்தில் படிக்க முடியாது. பகலில் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துத் தேட வேண்டும். முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் வெளிர் தாளில் கருத்த மையில்தான் அடிக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை. அறுபது வயது பெரியம்மா கண்ணாடி இல்லாமல் தேதியைப் படித்துவிட்டால் பத்திரிகை பாதி வெற்றி.

எல்லா வீட்டுக்கும் கோயிலும் சுழியும்தான் என்றும் இல்லை. 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1967-இல் சட்டம் வந்து அப்படிப்பட்ட திருமணங்கள் செல்லும் என்று ஆனது. அந்த வழியில் வந்த வீடுகளின் பத்திரிகையில் தலைப்பில் குறள் இருக்கும், வள்ளுவர் இருப்பார், தலைமை தாங்குபவர் பெயர் பெரிதாக இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதையே நன்றாகச் செய்யலாம். குறளின் இரண்டு வரியை நல்ல எழுத்தில், சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு வைத்தால், அதைவிடக் கம்பீரமான பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

எங்கும் போக நேரமில்லை என்றால் வீட்டு வாசலுக்கு வாருங்கள். கல்யாணத்துக்கு அம்மா போடப்போகும் படிக்கோலத்தை ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் போட்டுத் தரச் சொல்லுங்கள். கோடு கொஞ்சம் நடுங்கினால் நடுங்கட்டும், கம்ப்யூட்டரில் நேராக்க வேண்டாம். அதைக் காவிச் சிவப்பில் அடித்தால் அட்டையின் முகப்பு முடிந்தது.

போனில் அனுப்புவதற்குத் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். அச்சுக்குப் போட்டதையே வாட்ஸ்அப்பில் தள்ளினால் படம் நசுங்கி மெல்லிய எழுத்துகள் மங்கிவிடும். நெடுக்குவாக்கில், பெயர், நாள், நேரம், மண்டபம் என்று நான்கே செய்தி, தடித்த எழுத்தில். உறவுமுறைப் பட்டியல் முழுவதும் தாள் பத்திரிகையில் இருக்கட்டும். அங்கேதான் தாய்மாமன் தன் பெயரைத் தேடுவார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வெறும் தாளில் அதே அளவுக்கு ஒரு மாதிரி மடித்து, கவருக்குள் போகிறதா என்று பாருங்கள். எழுத்தெல்லாம் ஏறிய பிறகு ஒரு புரூஃப் வாங்கி, டிசைன் செய்தவர் அல்லாத இரண்டு பேரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா, தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் பஞ்சாங்கத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரியவர்கள் பெயரில் இனிஷியல் தவறினால் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நேரில் போகப்போகிறவர்கள் நீங்கள்தான், அதனால் அதையும் ஒரு தடவை சரிபாருங்கள்.