இரு கணிப்பொறிகளும் ஒரு படுக்கையும்

ரயில் நிலைய முன்பதிவு அலுவலகங்களில் தடித்த பேரேடுகளைப் புரட்டிப் பயணிகளின் பெயர்களைக் கையால் எழுதிய காலம் ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ரயிலுக்குரிய பேரேடு குறிப்பிட்ட மேசையில்தான் இருக்கும். வரிசை நீண்டது, மக்கள் கால்கடுக்க நின்றனர். ஆயினும் எந்தப் படுக்கை யாருக்கு என்பதற்கு அந்த ஒரு பேரேடே சாட்சி. 1985-86ல் புது தில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கியது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999ல் ஒரே வலையமைப்பில் இணைந்தன. எந்த ஊர்க் கவுன்டரிலும் எந்த ரயிலுக்கும் சீட்டுப் பெறும் வசதி இவ்வாறு வந்தது.

வசதியோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தது. பேரேட்டின் இடத்தில் அமர்ந்த கணிப்பொறி பழுதடைந்தால் ஒரு மேசையன்று, நூற்றுக்கணக்கான மேசைகள் ஒரே நொடியில் நின்றுவிடும். இடையறாது நடைபெற வேண்டிய இத்தகைய பணிகளை ஒரே கணிப்பொறியிடம் ஒப்படைக்காமல், இரண்டு மூன்று கணிப்பொறிகளை ஒரு கொத்தாக இணைத்து அவற்றிடம் ஒப்படைப்பது இதனாலேயே. கொத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு கணு எனப்படும். ஒரு கணு வீழ்ந்தால் மற்றொன்று அதன் பணியை ஏற்கும்.

ஆனால் வீழ்ந்துவிட்டது என்பதை மற்றொன்று எவ்வாறு அறியும்? கணுக்கள் தமக்குள் சிறு செய்திகளை இடைவிடாது அனுப்பிக் கொள்கின்றன. 'நான் இயங்குகிறேன்' என்பதற்கு மேல் அவற்றில் பெரிதாக எதுவும் இராது. நாடித்துடிப்பு என்னும் பெயர் இதற்குப் பொருத்தமானதே. துடிப்பு குறித்த நேரத்தில் வாராவிடில், அண்டைக் கணு மாண்டது எனக் கொள்ளப்படும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அண்டைக் கணு மாண்டிருக்கலாம். அல்லது அது நலமாக இயங்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். கேட்பவருக்கு இரண்டும் ஒரே மௌனம். கம்பி அறுந்த நிலையில், 'மற்றவன் இல்லை, இனி நானே பொறுப்பு' என்று இரு கணுக்களும் ஒரே வேளையில் முடிவு செய்யக்கூடும். அப்போது ஒரே படுக்கையை ஒன்று ஒருவருக்கும் மற்றொன்று வேறொருவருக்கும் விற்கும். பணி நின்றுபோவதைக் காட்டிலும் இது கேடானது. நின்ற கவுன்டர் மறுநாள் திறக்கும். வங்கிக் கணக்கிலோ மருத்துவமனைப் பதிவேட்டிலோ இரண்டாகப் பிளந்த உண்மையை ஒட்டவைப்பது எளிதன்று. நம்பத்தகாத வழியில் எத்தனை செய்திகளை அனுப்பினாலும் இரு தரப்பும் முழு உறுதியுடன் உடன்பட இயலாது என்பதை 1975லேயே கணிப்பொறி அறிஞர்கள் நிறுவிவிட்டனர்.

இதற்கு மாற்றாகக் கண்ட வழி வாக்கெடுப்பு. டிஜிட்டல் நிறுவனம் 1983ல் அறிமுகப்படுத்திய 'வாக்ஸ்' கணிப்பொறிக் கொத்துகளில் கணுக்களுக்கு வாக்குகள் உண்டு. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் யாரிடம் உள்ளதோ அப்பிரிவே இயங்கலாம். சிறுபான்மைப் பிரிவு தன் வேலையை அப்படியே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். சட்டமன்றங்களில் குறைவெண் என்று வழங்குவதுதான் இது. ஒரு வேறுபாடு உண்டு. நம் நாடாளுமன்றத்தில் மொத்த உறுப்பினருள் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அவை கூடலாம். ஏனெனில் அவை ஓரிடத்தில்தான் கூடும். கணுக்கள் தனித்தனி அறைகளில் கூடக்கூடியவை. அவற்றுக்குப் பாதிக்கு மேல் தேவை. இரு பெரும்பான்மைகள் ஒருங்கே இருக்க முடியாது.

இரண்டே கணுக்கள் உள்ள கொத்தில் வாக்குகள் சமமாகிவிடும். ஆகவே மூன்றாவது வாக்கைப் பொதுவான ஒரு வட்டுக்கோ, வேறிடத்திலுள்ள சிறு கணிப்பொறிக்கோ கொடுப்பர். அதோடும் நில்லாமல், சந்தேகத்துக்குரிய கணுவின் மின்சாரத்தையே துண்டித்துவிடும் ஏற்பாடும் உண்டு. கொடுமையாகத் தோன்றினும், 'இறந்திருக்கலாம்' என்பதை 'நின்றுவிட்டது' என்று உறுதியாக்க வேறு நம்பகமான வழிகள் மிகக் குறைவு.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? லினக்ஸ் கொத்துகளில் பயன்படும் கோரோசிங்க் மென்பொருளில், கணுக்கள் ஒரு டோக்கனை வட்டமாகக் கைமாற்றிக் கொள்கின்றன. டோக்கன் வாராத நிலையில் காத்திருக்கும் நேரம் வழக்கமாக 1,000 மில்லி விநாடியாக இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் 3,000 ஆயிற்று. குறைத்தால் வெறும் நெரிசலையும் மரணமாக எண்ணிவிடும். கூட்டினால் உண்மையான பழுதின்போது மக்கள் காத்துக் கிடப்பர்.

அவசர முடிவின் விலைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் நிறுவனத்தில், அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்தின் இணைப்பு 43 விநாடிகள் மட்டும் அறுந்தது. பிற கணுக்கள் பெரும்பான்மை சேர்த்து, தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றின. வாக்கெடுப்பு முறையாகவே நடந்தது. ஆனால் கிழக்கில் அந்நேரம் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்கு நகலாகவில்லை. மேற்கோ புதியவற்றை ஏற்கத் தொடங்கிவிட்டது. சேவை சீரான நிலைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் பிடித்தது. பெரும்பான்மை மட்டும் போதாது, பிரிந்துபோன தரப்பின் பேனாவையும் பிடுங்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மௌனமே எழாதவாறு இணைப்பை வலுப்படுத்துவதும் தேவை. நாடித்துடிப்புச் செய்திகளுக்குப் பயணிகள் நெரிசலில் சிக்காத தனிக் கம்பி அமைப்பர்; அதிலும் இரண்டு வழிகள் வேண்டும். இந்த இரண்டு என்னும் சொல்லில் ஏமாறுவோர் பலர். இரு கேபிள்களும் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்தால், குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைத் தோண்டும் ஒரே கடப்பாரை இரண்டையும் அறுக்கும். இரு கம்பிகளும் ஒரே ஸ்விட்சில் சென்று முடிந்தாலும், இரு ஸ்விட்சுகளும் ஒரே மின்பலகையில் பொருத்தப்பட்டாலும் இதே கதைதான். காகிதத்தில் வரைந்த படத்தில் இவை தெரிவதில்லை. ஆகவே பணி தொடங்குமுன், பயணிகள் இல்லாத இரவு நேரத்தில், ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்ப்பது பொறியாளர்களின் வழக்கம். அப்போது எந்தக் கணு நின்றது, எந்தக் கணு தொடர்ந்தது, எத்தனை விநாடிகள் சென்றன என்பதைக் குறித்து வைப்பர். இரண்டு கணுக்களும் தொடர்ந்து இயங்கினால் அந்தக் கொத்தைக் கவுன்டர்களுக்குத் திறந்துவிடமாட்டார்கள்.